முத்திரை விழுந்த மரம்

காட்டு இலாகா அதிகாரி நாகலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு அட்டனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் ஒரு களவு மரத்தைக்கூடப் பிடித்ததில்லை. 1936ஆம் வருஷம் முடிவதற்குள் பிடித்தால் ஊருக்குப் பக்கத்தில் வவுனியாவுக்கு மாற்றம்; இல்லாவிட்டால் இந்தக் குளிரிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தெய்வம் கைவிடவில்லை. பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் ஒன்று வந்தது.

பாதியாகக் கிழித்த தாள். ‘டிக்கோயாவுக்கு மேலே அரசாங்கக் காட்டில் பன்னிரண்டு மரம் களவாய் வெட்டிப் பள்ளத்தில் கிடக்கிறது. துப்புக் கொடுத்தவனுக்குரிய வெகுமதியை இத்தாளின் மறுபாதியோடு வருகிறவனிடம் கொடுக்கவும்.’

நாகலிங்கம் மூச்சு வாங்க ஏறினார். மேலே அடிக்கட்டைகள், கீழே மரங்கள். கயிறு பிடித்துச் சுற்றளவு அளந்து, வெட்டுவாயோடு வெட்டுவாய் ஒத்துப் பார்த்தார். பானையும் மூடியுமாகப் பொருந்தின. ஒன்றிலும் இலாகாவின் சுத்தியல் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத மரம் ரயிலேறாது, விறகுக்குத்தான் போகும்.

வெட்டியவர் அட்டன் பஜாரில் மரம் விற்கும் மரக்காலை ஒன்று வைத்திருக்கும் அழகையா என்பது தேயிலைத் தோட்டத்து நாய்க்கும் தெரியும். சாட்சி சொல்லத்தான் நாய்க்கு வாயில்லை. வாயுள்ளவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் அழகையாவே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

“யாரோ வெட்டிப் போட்ட மரமாம், கேள்விப்பட்டேனுங்க. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஐயா அதுக்காக மெனக்கெட வேணாமுங்க. அது மாடு எறங்காத பள்ளம். ஒரு மாசமா இழுத்துப் பாத்து...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “இழுத்தவங்க சொன்னாங்க.”

“நான் விட்டுட்டுப் போக, நீர் வந்து அள்ளுறதுக்கோ? ஆரிட்டை, காணும், கதை விடுறீர்? பழத்தையும் கொண்டு போம்.”

அழகையா தொங்கிய முகத்தோடு பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாகலிங்கத்துக்கு வீம்பு ஏறியது. அரசாங்கச் செலவில் இரண்டு யானை வரவழைத்தார். எட்டு நாள் மழையில் நனைந்து, பன்னிரண்டு மரத்தையும் அட்டன் ஸ்டேஷன் முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தார். ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே சுத்தியலை ஓங்கி முத்திரை குத்தினார். அந்த ஒவ்வொரு அடியையும் அழகையாவின் மண்டையாக நினைத்துக்கொண்டதில் கை வலி தெரியவில்லை.

பிறகு ஏலம். பஜார் வியாபாரிகள் அத்தனை பேரும் மாமியார் வீட்டு மாப்பிள்ளைகள்போல வாய் திறக்காமல் நின்றார்கள். அழகையா மட்டும், பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முனகிக்கொண்டே ஒரு விலை கேட்டார். மரம் அவருக்கே விழுந்தது.

நாகலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திருடிய மரத்தைத் திருடனையே காசு கொடுத்து வாங்க வைத்த அதிகாரி இலங்கையில் வேறு எவன்?

வவுனியா மாற்றம் வந்தது. அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அழகையா வந்தார். அதே வாழைப்பழம், கொஞ்சம் பெரிய சீப்பு.

“மரமெல்லாம் நேத்தே கொழும்புக்கு ரயிலேறிடுச்சுங்க. ஐயா முத்திரையப் பாத்ததும் ஸ்டேஷன்ல ஒரு கேள்வி கேக்கலியே.”

“இனியாவது புத்தியா இரும் காணும்.”

“இருக்கேனுங்க. ஐயா பொறப்படுறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வேலை” என்று அழகையா மடியை அவிழ்த்தார்.

அதிலிருந்து வந்த பாதித் தாளை நாகலிங்கம் பெட்டிசத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அடிக்கட்டையும் மரமும் போல, கிழிசலோடு கிழிசல் அச்சுப் பிசகாமல் பொருந்தியது.