மயில் படம் போட்டவன்

"எவன்டி அவன்? தினமும் 'தூங்கினியா, மாத்திரை போட்டியா'ன்னு கேட்டுகினு கீறான்!" வசந்தியின் குரல் தெருக்கோடிவரை போயிற்று.

"யாருன்னே தெரியாதும்மா. என்னை மாதிரி பைபோலார், அதான் மனசு தலைகால் புரியாம ஏறி இறங்குற நோய் இருக்கிறவங்களோட ஆன்லைன் குழு. பேரு, ஊரு சொல்லிக்க மாட்டோம்," என்றாள் மகள் சுதா.

"அரக்கோணத்துச் சம்பந்தம் கைகூடுற நேரத்துல இது வெளிய தெரியணுமா?"

மகளின் நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடாத சாமர்த்தியசாலி வசந்தி. போனைப் பிடுங்கி, மயில் படம் போட்டிருந்த அவனுக்கு மகள் எழுதுவதுபோலவே தட்டினாள்: 'முருகன் அருளால் குணமாகிவிட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீயும் நிறுத்து.' பிறகு போனிலிருந்து குழுவையே அழித்தாள்.

திருத்தணி மலைமேல் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை தணிகைவேல் படிகளில் மூன்று தடவை ஓடி ஏறி இறங்கினான். கண்கள் பளபளத்தன.

"நாலு நாளா தூங்கல அத்தே, களைப்பே இல்ல! வருஷக்கணக்கா போட்ட மாத்திரைய நிறுத்திட்டேன். முகம் தெரியாத தோழி ஒருத்தி, முருகன் அருள்னு எழுதினா."

அவன் நீட்டிய போனில் அதே மயில்.

இப்போது வசந்தி திருத்தணி வீட்டைப் பூட்டிவிட்டு, அரக்கோணத்தில் மகளோடு இருக்கிறாள். "மாத்திரை போட்டீங்களா மாப்ளே?" என்று தினமும் கேட்கிறாளாம். "ஆங், போட்டுட்டேன் அத்தே," என்று அவனும் சிரிக்கிறானாம்.

அட்டையில் மாத்திரைதான் குறையவில்லை.