பட்டுவுக்கு ஆகாத கை

சக்ரபாணி கூண்டுக்குள் உள்ளங்கையை நீட்டினார். மகள் வளர்க்கும் ஹாம்ஸ்டர் எலி பட்டு வந்து முகர்ந்தது, நறுக்கென்று கடித்தது.

"ஆ! நீ சொன்னபடி மெதுவாத்தானேடி நீட்டினேன்? உன்னைக் கடிக்கறதில்லை, என்னைக் கண்டா மட்டும் இதுக்கு ஆகறதில்லை. நாளைக்கே திருப்பதி கடையில திருப்பிக் கொடுத்துடறேன்!"

நீரஜாவுக்குக் கண் கலங்கியது. அப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நெய் மணத்தது.

"திருச்சானூர் கோயில்லேர்ந்து வந்ததும் கை அலம்பினேளாப்பா?"

"தாயார் பிரசாதப் பொங்கல் சாப்பிட்ட கையை யாராவது அலம்புவாளா? எப்பவும்போலத் தலையில துடைச்சுண்டேன்."

"அப்போ அது உங்களைக் கடிக்கலை. பொங்கலைக் கடிச்சிருக்கு."

அதற்குள் திறந்த கூண்டிலிருந்து வெளியே வந்த பட்டு, குனிந்திருந்தவரின் தோளேறிக் குடுமியை நக்கத் தொடங்கியது. சக்ரபாணி அசையவில்லை.

"திருப்பிக் கொடுக்கறதாவது! துளி பிரசாதத்தைக்கூட வீணாக்காத குழந்தைடி இது!"