கேம்ப் ரோடு வரைக்கும்

ஷேர் ஆட்டோ கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பியதுமே தபீதாள் ராகவேந்திராவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு அவளே வாய்திறந்து வண்டியை நிறுத்தவேண்டும். அதுதான் அவன் கொடுத்திருந்த வீட்டுப்பாடம்.

சனிக்கிழமை மாலைகளில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் திக்கிப் பேசுகிறவர்கள் சிலர் கூடிப் பழகுவார்கள். நடத்துகிறவன் ராகவேந்திரா. தபீதாள் அவனைவிட மூத்தவள், பேரன் எடுத்தவள். புதிதாக வருகிறவர்களுக்கு அவனைத்தான் காட்டுவார்கள். சாருக்கும் சின்ன வயதில் திக்கும், இப்போது எப்படிப் பேசுகிறார் பாருங்கள் என்பார்கள்.

மகள் ரோஸிக்கு நல்லபடியாகப் பிரசவமானால் சர்ச்சில் சபை முன்னால் எழுந்து கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்வதாகத் தபீதாள் வேண்டிக்கொண்டு பொருத்தனை செய்திருந்தாள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் கடிக்கிறது. பொருத்தனை மட்டும் அப்படியே நிற்கிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. போதகரிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது.

ஒரு ஆட்டோவை நிறுத்த முடியாதவள் சபை முன்னால் நின்று என்னத்தைச் சொல்லப்போகிறேன் என்று இன்று மாடியில் அழாத குறையாகக் கேட்டாள். அதனால்தான் இந்த ஏற்பாடு.

"நீ எங்க எறங்குவ தம்பி?"

"நான் கேம்ப் ரோடு போயிடுவேன் அக்கா. அங்கேருந்து வீட்டுக்கு நடந்து வருவேன். டெய்லி வாக்கிங்."

அவன் வீடு தண்ணீர் டேங்க் பக்கம். கேம்ப் ரோட்டுக்கு முன்பே வந்துவிடும். இருந்தாலும் கேம்ப் ரோடு வரை போய்த் திரும்பி நடப்பான். மழை பெய்தாலும் நடப்பான். அவன் மனைவி சந்திரிகா இதை அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவாள். அதனால் மற்ற புருஷன்மார்களுக்கெல்லாம் வீட்டில் ஏகப்பட்ட திட்டு.

"சேலையூர் வருது," என்று மெல்லச் சொன்னான். "வார்த்தையை மாத்தக் கூடாது அக்கா. நழுவக் கூடாது."

தபீதாள் வாயைத் திறந்தாள்.

"சே..."

அங்கேயே மாட்டிக்கொண்டது. தாடை நடுங்கியது. கல்லூரிப் பையன் ஒருவன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தாள். "சேலையூராம்மா?"

ராகவேந்திராவுக்குத் தெரியும். யாராவது முந்திக்கொண்டு உதவிசெய்யும் இந்த நொடியில்தான் உயிரே போகும்.

தபீதாள் பூக்காரம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இரு, நானே சொல்கிறேன் என்பதுபோல.

பூக்காரம்மா வாயை மூடிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, காத்திருந்தாள். பையனும் காத்திருந்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான்.

"சே... சே... சேலையூர் நிறுத்துப்பா."

நிறுத்தத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய் வண்டி நின்றது. தபீதாள் இறங்கி, உள்ளே குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஒ... ஒண்ணுமே ஆவல தம்பி. கை காட்னா வெயிட் பண்றாங்கோ. நாளைக்கும் பண்ணுவாங்கோ இல்ல?"

"பண்ணுவாங்க அக்கா."

அவள் பையை வீசிக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

வண்டி நகர்ந்தது. மூச்சை எப்படி விடுவது, முதல் எழுத்தை எப்படி இழுப்பது, எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தவை. அந்தக் கை மட்டும் அவன் சொல்லிக்கொடுத்ததில்லை. காத்திருக்கச் சொல்லலாம் என்று அவனுக்கே தெரியாது. மாட்டும் என்று தெரிந்த வார்த்தையை, மாட்டுவதற்கு முன்பே மாற்றிவிடத்தான் தெரியும். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் ஒரு நிறுத்தத்தின் பெயரை என்னவென்று மாற்றுவது.

தூரத்தில் தண்ணீர் டேங்க் தெரிந்தது. கேம்ப் ரோட்டில் பாதி வண்டி இறங்கும், யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ராகவேந்திரா கையை உயர்த்தினான்.

"த..."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

"த... த..."

பூக்காரம்மா இந்தமுறை எடுத்துக்கொடுக்கவில்லை. பையனும் மறுபடி இயர்போனைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

"த... தண்ணி டேங்க் நிறுத்துங்க."

வண்டி நின்றது.

அப்பாடா என்றிருந்தது. இறங்கி நின்றவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோ அதுபாட்டுக்குப் போய்விட்டது. உலகத்தில் ஒன்றுமே ஆகவில்லை.

கதவைத் திறந்த சந்திரிகா பயந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா? வாக்கிங் போகலையா?"

அவன் இல்லையென்று தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

ராகவேந்திராவுக்கு நடப்பது ஒருநாளும் பிடித்ததில்லை.