முயல் கால்

கறி இலையில் விழுந்ததும் அவன் முதலில் எலும்பைத்தான் பார்த்தான்.

சின்ன எலும்பு. ஆட்டுக்கு இவ்வளவு சின்னதாக இருக்காது. கோழிக்கு இந்த வளைவு வராது.

"முயலு," என்றார் மாமனார் வீரபுத்திரன். அவனிடம் அல்ல, பந்தி முழுவதற்கும். "காட்டு முயலு. நேத்துச் சாயங்காலம் கரட்டுக் காட்டுல வச்சு நானே சுட்டது."

பந்தி நிமிர்ந்தது. அவரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது.

அவன் வனத்துறையில் வனவர். கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டில் முதல் விருந்து. போன வாரம்தான் இரண்டு பேரை முயலோடு பிடித்து, ஜீப்பின் முன்னால் நிறுத்தி, நடுவில் தானும் நெஞ்சை நிமிர்த்தி நின்று படம் எடுத்துக்கொண்டான். பேப்பரில் வந்தது. அதை மாமனாருக்கு அனுப்பிவைத்ததும் அவனேதான்.

தின்றால் வேலை போகும். தின்னாவிட்டால் மாமியார் வீடு போகும்.

தெரியாமல் போட்டிருக்க மாட்டார். எதற்குப் போட்டார்? சட்டம் பெரிதா சம்பந்தம் பெரிதா என்று ஆழம் பார்க்கிறாரா? இல்லை, ஒரு நாள் தின்னவைத்துவிட்டால் பிறகு கரட்டுப் பக்கம் ஜீப் தலைகாட்டாது என்று கணக்கா?

சுவரில் துப்பாக்கி தொங்கியது. திருவிழாவில் பலூன் சுடுகிற ஜாதி. அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

மனைவியைத் தேடினான். தனக்கொடி அடுப்படி வாசலில் நின்றாள். அவன் பார்த்ததும் தண்ணீர்ச் செம்பு எடுக்க உள்ளே போனாள்.

செம்பு அவள் கையில்தான் இருந்தது.

"என்ன மாப்ள, யோசனை? பூனையோன்னு சந்தேகமா?"

பந்தி சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு சந்தேகம் அவனுக்கு வந்திருக்கவில்லை.

மாமனார் கையைத் தட்டினார். மாமியார் ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். தட்டில் ஒரே ஒரு கால். ரோமத்தோடு.

அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. முயல் சமைத்தால் ஒரு காலை உரிக்காமல் வைத்திருந்து பந்தியில் காட்ட வேண்டும். காட்டாத வீட்டில் பூனை வெந்திருக்கிறது என்று ஊர் பேசும்.

மற்றவர்களுக்கு அது சாட்சி. அவனுக்கு அது தடயம்.

தட்டு இலை இலையாக நகர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்போல ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவன் முன்னால் வந்ததும் மாமனார் நின்றார்.

"ஆபீசரு பாத்துச் சொல்லட்டும்."

இடது கையால் எடுத்தான். தொழில் பழக்கம். எடுத்த பிறகுதான் எடுத்தது தெரிந்தது.

கனமே இல்லை. நேற்றுச் செத்த கால் இப்படி இருக்காது. வெட்டிய இடம் விறகாகக் காய்ந்திருந்தது. தடவினான். ரோமம் கையோடு வந்தது.

மூக்கருகே கொண்டுபோனான்.

அந்துருண்டை.

பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த கால்.

பக்கத்து இலையில் சகலை. மூத்த மகளைக் கட்டியவர், மின்வாரியத்துக்காரர். இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தார்.

"என் விருந்துலயும் இதே காலுதான், சகல. கண்டுக்காம சாப்புடுங்க."

அவனுக்கு உயிர் வந்தது. முயல் இல்லை. வழக்கு இல்லை. வேலை இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். மாமா, இந்தக் காலுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம்.

வாயைத் திறந்தான்.

மாமனாரின் மீசை அப்படியேதான் இருந்தது, முறுக்குக் குலையாமல். அதற்குக் கீழே உதடு நடுங்கியது. கண் அவன் மூக்கிலேயே நின்றது.

இவ்வளவு நேரமும் யார் யாருக்குப் பயந்தது?

காலைத் தட்டில் திரும்ப வைத்தான். மெதுவாக, மிச்ச ரோமமும் உதிர்ந்துவிடாமல்.

"காட்டு முயல்தான் மாமா," என்றான், கடைசி இலைக்கும் கேட்கும்படி. "இன்னைக்கு ஒரு நாள் நான் ஆபீசர் இல்ல."

யாரோ விசிலடித்தார்கள். "ஆபீசரே சொல்லிட்டாரப்பா!"

இல்லாத முயலுக்கு அரசாங்க முத்திரை விழுந்துவிட்டது. இனி இந்தப் பந்தியில் எவனாவது ஒருவன் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும்.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் திரும்பிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, முயல் எந்தப் பக்கம் திரும்பியது என்று ஆரம்பித்தார்.

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

மிளகு தூக்கல். எதையோ மறைக்கிற அளவுக்குத் தூக்கல். மென்றான். நார்நாராக வந்தது.

முயல் இல்லை என்றால்?

சகலை பக்கம் சாய்ந்தான். "அப்ப இது என்ன கறி?"

சகலை கடைசிக் கவளம் மோர்ச் சோற்றை முடித்தார். ஏப்பம் விட்டார். "விருந்து பிரமாதம் மாமா!" என்று உரக்கச் சொல்லிவிட்டு இலையை மூடினார்.

மூடும்போது ஓரத்தில் குவித்திருந்த சோறு சரிந்தது. அடியில் கறித்துண்டுகள்.

வைத்தது வைத்தபடி.

"மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு!" என்றார் மாமனார்.

மாமியார் கரண்டியோடு வந்தார்.

அவன் வாயில் இருந்தது இன்னும் இறங்கவில்லை.