ஏரி வந்து போன வண்டி

பவுலின் மூக்கைக் காரின் தரையோடு வைத்து முகர்ந்தாள்.

இங்கே இல்லை.

ஒரு சாண் நகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

உள்ளே சீட் எதுவும் இல்லை. கார்ப்பெட் இல்லை. வெறும் தகரத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். கால்கள் பின்கதவு வழியாகத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் மழையில் ஏரி தெருவுக்குள் வந்தது. முடிச்சூரில் பாதி வீடுகளுக்குள் வந்தது. அவளுடைய வண்டிக்குள் இரண்டு நாள் தங்கியது. ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீர்.

பன்னிரண்டு வருஷ வண்டி. அதைத்தான் அவள் கால் டாக்சியாக ஓட்டினாள். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

மெக்கானிக் ஏழுமலை மூன்று வாரம் போராடி எஞ்சினைப் பிழைக்க வைத்தான். மறுநாளே சவாரிக்குக் கிளம்பினாள்.

குரோம்பேட்டைகூடத் தாண்டவில்லை. பின்சீட்டில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "சாரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மட்டும் மூன்று பேர் அப்படி இறங்கினார்கள்.

"எஞ்சினை நான் காப்பாத்திட்டேன் பவுலின்க்கா. உள்ள ஏறுன நாத்தத்தை யாராலயும் எடுக்க முடியாது. வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்றான் ஏழுமலை.

பவுலின் அவனிடம் ஒரு ஸ்பானரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. ஒரு சீட்டைக் கழற்ற அரைநாள் ஆனது. கார்ப்பெட்டுக்கு அடியில் கைத்தடிமனுக்குப் பஞ்சு. பிழிந்தால் இன்னும் ஏரி வந்தது.

சீட்டுத் துணியைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக நறுக்கினாள். ஸ்பாஞ்சைக் குளியலறையில் போட்டு ஏறி மிதித்தாள். சோப்பு, தண்ணீர், மிதி. ஆறாவது தடவைதான் தண்ணீர் நிறமில்லாமல் ஓடியது.

சீட் பெல்ட்டுகளை முழுதாக வெளியே இழுத்து, திரும்பச் சுருண்டுகொள்ளாமல் துணி கிளிப் போட்டு நிறுத்தித் தேய்த்தாள். ஏ.சி. காற்று வரும் இடுக்குகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் துழாவினாள். கதவு அட்டைகளைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கிண்ணம் சேறு மடியில் கொட்டியது.

மொட்டைமாடி முழுக்கக் கார் காய்ந்தது.

நான்கு நாள்.

நாற்றம் போகவில்லை.

அதனால்தான் இப்போது இப்படிப் படுத்திருந்தாள். ஒரு சாண், இன்னொரு சாண். பின்பக்கம் இல்லை. நடுவில் இல்லை. பெடல்களுக்கு அடியிலும் இல்லை.

எழுந்து உட்கார்ந்தாள். முழங்கைகளில் தகரத்தின் தடம்.

பிறகு எதையோ நினைத்தவள்போலச் சாவியைத் திருப்பி, ஃபேனைப் போட்டாள்.

நாற்றம் முகத்தில் அடித்தது.

டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் ஃபேனின் கூடு. மூன்று திருகாணி. கையை விட்டாள். சேறு வந்தது. வேப்பிலை வந்தது. அதற்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒன்று.

ஜிலேபிக் கெண்டை.

காய்ந்து, வாலை ஒரு பக்கமாக வளைத்து, கண் திறந்தபடி.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஏரி வந்த பிறகு முதல் தடவை. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்ட இன்னும் இரண்டு நாள். நறுக்கிய வளையங்களுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினாள். டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருந்தது. தடித்த நைலான் நூலில் தைத்தாள். தையல் வெளியே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏழுமலை வந்தான். வண்டிக்குள் ஏறி, கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டான். ஃபேனைப் போட்டான்.

பவுலின் வெளியே நின்றாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சீட்டைத் தடவினான். குனிந்து தரையை முகர்ந்தான். கதவின் இடுக்கில் விரலை விட்டு, விரலைப் பார்த்தான். இறங்கினான்.

"பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றான். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "எப்படிக்கா?" என்றான்.

"மோந்து பாத்தேன்."

மறுநாள் காலை முதல் சவாரி. தாம்பரம் மார்க்கெட் வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். கையில் பூக்கூடை, இன்னொரு கையில் ஃபிளாஸ்க். மகன் போனிலேயே வண்டி பிடித்துக் கொடுத்திருந்தானாம். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாள் பின்கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள்.

ஏறவில்லை.

பவுலின் திரும்பிப் பார்த்தாள். ஃபேனை அணைத்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நாள்கணக்காக அதிலேயே கிடந்த மூக்கை எப்படி நம்புவது?

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். சீட்டை ஒரு தடவை பார்த்தாள். மார்க்கெட் சேறு ஒட்டிய தன் கால்களைப் பார்த்தாள்.

குனிந்து செருப்பைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் பாதங்களைத் துடைத்தாள். செருப்பையும் கூடையையும் எடுத்துக்கொண்டு ஏறி, ஓரமாக உட்கார்ந்தாள்.

"போட்டுக்கிட்டே உட்காருங்கம்மா."

"இருக்கட்டும்மா."

பவுலின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.