ஐம்பது காட்டும் மீட்டர்

இருப்பவர்கள் மூன்று பேர்: மீட்டர் மெக்கானிக், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஒருவர், அவருடைய மனைவி. மதிய வெயில் பட்டறைக்குள் பாதி தூரம் வந்து பார்சல் பைக்கின் பின்சக்கரத்தில் நிற்கிறது. மெக்கானிக் அதன் பல்சக்கரத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். "நாப்பத்திரண்டு பல் இருக்கணும். முப்பத்தாறுதான் இருக்கு. யாரு மாட்டினது?" "பழசு தேஞ்சுபோச்சு. கிடைச்சதை நானே மாட்டிட்டேன்." "மீட்டர் எண்ணுறது கியர்பாக்ஸ் சுத்துறதை. பல் குறைஞ்சா சக்கரம் அதைவிட வேகமா சுத்தும். அப்போ மீட்டர் அம்பதுன்னு காட்டுறப்ப நீங்க அம்பத்தெட்டுல போறீங்க." வேகமாகப் போனதற்குக் கணவர் இரண்டு முறை போலீசில் பிடிபட்டவர். மூன்றாவது முறை சிக்கினால் லைசென்ஸ் போய்விடும், கூடவே வேலையும். ஐம்பதைத் தாண்டவே இல்லை என்று அவர் செய்த சத்தியத்தை மனைவி நம்பவில்லை. நான்கு மாதமாக அந்த பைக்கில் ஏறவும் இல்லை. இப்போது அவள் பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் மீட்டருக்கு வேகத்தைச் சொல்லும் சென்சார் ஒயரை வெட்டி, நடுவில் அந்தக் கணக்கைத் திருத்தும், இரண்டு விரல் அகலமுள்ள சர்க்யூட் ஒன்றைப் பற்றவைக்கிறார். மெல்லிய புகை எழுந்து அவர் கண்ணாடியில் படிகிறது. "கணக்கு போட்டு வெச்சுட்டேன். ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து போன்ல வேகத்தைப் பார்த்துச் சொல்லணும். நான் வரல, பசி உயிர் போகுது." கணவர் துடைத்த கையையே மறுபடி துடைக்கிறார். "பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்," என்கிறாள் அவள். "பல்லைக்கூட எண்ணாம மாட்டியிருக்கீங்க. இதுக்குப் பொய்யே தேவலை." அவர் பைக்கை வெளியே தள்ளுகிறார். அவள் பின்சீட்டில் ஏறி, ஒரு கையில் போனும் மறுகையில் அவர் சட்டையுமாக உட்காருகிறாள். அவர்களுக்குப் பின்னால் மெக்கானிக் கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.