ஆறாம் எண் கட்டை

முதல் முளைக்குச்சியைச் சுற்றி மணல் நேற்றைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது. மேலே அரிசி மாவு தூவியதுபோல் சிப்பித் தூள். கோலம் ஒன்றுதான் பாக்கி.

கடற்கரை மண் சுத்தமா என்று சோதிக்கப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த ஹசிந்தா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சுற்றுலா அலுவலகத்து எவரார்தோ குடை பிடித்தபடி நின்றார். இந்தச் சாந்தா ரெமெதியோஸ் கடற்கரைக்கு அழுக்கு என்றால் என்னவென்றே தெரியாது என்று ஆறு வருடமாக அறிக்கை விடுகிறவர்.

"எண்பது கிலோமீட்டர் தாண்டி மலையாத்துலேர்ந்து வந்த மணல், இஞ்சினியரம்மா. என் மச்சானோட லாரிதான். புனித வார லீவுக்கு மெக்சிகோ நகரமே வந்து இங்க உருளப் போகுது, பார்த்து எடுங்க."

பார்த்து எடுக்க என்ன இருக்கிறது? ஐந்து ஓட்டல்களின் வாசலில் ஐந்து முளைக்குச்சிகள். குச்சியை ஒட்டி ஒரு சாண் ஆழத்தில் எடுத்தால்தான் அது மண். மற்றதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

தெற்குக் கோடியில், சாக்கடை கடலில் விழும் இடத்தில், மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஹசிந்தாவின் வீடும் அங்கேதான். அவள் மகள் நயேலிக்கு முழங்கால் வரை சிரங்கு. களிம்பு தடவித் தடவி அவளுக்கே அலுத்துவிட்டது.

சட்டப்படி ஒரு குச்சியின் மண் சோதனையில் தேறாவிட்டாலும் சாக்கடையை அடைத்த பிறகுதான் கடற்கரையைத் திறக்கலாம். அதனால்தான் சாக்கடைப் பக்கம் குச்சி கிடையாது.

போன வருடம் அவளே ஒரு துடைப்பக் கட்டைக்கு நீலச் சாயம் பூசி, '6' என்று எழுதி, அங்கே நட்டுவிட்டு, அங்கேயும் மண் எடுக்க வேண்டும் என்று மனு கொடுத்தாள். சுற்றுலாப் பயணிகள் வராத இடம் கடற்கரை ஆகாது என்று பதில் வந்தது. கடலுக்கு மட்டும் நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள். போன திங்கட்கிழமை அந்தக் கட்டையையும் காணவில்லை. யாரோ அடுப்பெரித்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

கரண்டியால் தோண்டினாள். சிப்பித் தூள் இரண்டு விரல் கனம்கூட இல்லை. ஒரு சாண் போனதும் டக்கென்று ஏதோ இடித்தது.

ஹசிந்தா கையால் மண்ணை விலக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா, கல்லா?" என்றார் எவரார்தோ, குடையை நகர்த்தாமலே.

"குப்பை சார். மலையாத்துல இதெல்லாம் சகஜம்தானே."

அதை உருவிப் பைக்குள் போட்டாள். புட்டியை மண்ணால் கழுத்து வரை நிரப்பினாள். இத்தனை வருடத்தில் இப்படி ஆசையாக அவள் ஒரு புட்டியையும் நிரப்பியதில்லை. மூடி, முத்திரைத் தாள் ஒட்டி நீட்டினாள்.

"முதல் குச்சியில எடுத்த மண்ணுதான்னு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். நாளைக்கு யாரும் மாத்திப் பேசக்கூடாது பாருங்க."

எவரார்தோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? தேதி, நேரம், பதவி எல்லாம் எழுதிச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மச்சானின் மணலாயிற்றே என்று முத்திரையின் மேலேயும் ஒன்று போட்டார்.

அவர் இரண்டாவது ஓட்டல் வாசலுக்கு நடந்ததும் ஹசிந்தா பையைத் திறந்து பார்த்தாள்.

கட்டை பாதியில் முறிந்திருந்தது. நீலச் சாயம் அங்கங்கே உதிர்ந்திருந்தது. அவள் எழுதிய '6' மட்டும் அழியவில்லை.